கிழக்குக் கரையின் பாதைகள் – 7: கடல் கொண்ட ஸ்டேசன்

சென்ற இதழில் 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்தையும், நான்கு ஆண்டுகள் கழித்து 1928இல் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்த கோச்சிப் பாதையையும் பார்த்தோம். அந்தப் பாதை மட்டக்களப்பு வாவிக்கரையோடு நின்றுவிட்டது. காத்தான்குடி, கல்முனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று தெற்கே நீளும் நம் கரைக்கு அன்றும் கோச்சி வரவில்லை, இன்றும் வரவில்லை. ஸ்டேசனே இல்லாத ஊர்களில் கைவிடப்பட்ட ஸ்டேசன் எங்கிருந்து வரும்?

ஆனாலும் நம் கரையின் வரலாற்றை எழுதும்போது, மூடிப்போன ஒரு ஸ்டேசனைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. அது நம் மாவட்டத்தில் இல்லை, நம் நாட்டிலும் இல்லை. ராமேஸ்வரம் தீவின் கிழக்கு முனையில், மணல் திட்டின் மேல் நிற்கிறது. தனுஷ்கோடி. ஐம்பது ஆண்டு காலம் இலங்கைத் தமிழ் பேசும் மக்களுக்கு இந்தியாவின் வாசற்படி அதுதான்.

அந்தக் காலத்தில் நம் ஊரில் இருந்து நாகூருக்குப் போக நினைத்தவர் எப்படிப் போயிருப்பார் என்று ஒருமுறை வழியைத் தொடர்ந்து பாருங்கள். கரையோர வீதியால் கல்முனை தாண்டி, கல்லடிப் பாலத்தால் மட்டக்களப்பு. அங்கே கோச்சி ஏறினால் வாழைச்சேனை, புனாணை, பொலன்னறுவை, கல்லோயா சந்தி வழியாக மாகோ. மாகோவில் இறங்கி வடக்கே போகும் கோச்சிக்கு மாற வேண்டும். அநுராதபுரம், மதவாச்சி. மதவாச்சியில் இருந்து பாதை மேற்கே பிரியும்: செட்டிகுளம், மடு, முருங்கன், மன்னார், பேசாலை, கடைசியில் தலைமன்னார் பியர். அங்கே கப்பல். 20 மைலுக்குச் சற்று மேலான கடல். அக்கரையில் இறங்கினால் தனுஷ்கோடி ஸ்டேசனில் சென்னைக்குப் போகும் போட் மெயில் கோச்சி நிற்கும். தஞ்சாவூரில் இறங்கி, நாகப்பட்டினம் போகும் பாதையைப் பிடித்தால் நாகூர்.

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் இன்றும் ஆண்டுதோறும் நாகூர் ஆண்டகை பேரில் கொடியேறுகிறது. அந்தக் கொடிக்கும் நாகூர் மினாராக்களுக்கும் இடையிலிருந்த உறவு வெறும் நினைப்பால் மட்டும் நிலைத்ததில்லை. போக ஒரு வழி இருந்தது, வர ஒரு வழி இருந்தது. போகிற வழியில் ராமேஸ்வரம் ஸ்டேசனுக்குப் பக்கத்திலேயே ஆபில், காபில் பெயரால் ஒரு தர்கா உண்டு. நம் பெரியவர்கள் ஆதம் பாலம் என்று சொல்லும் அந்த மணல்திட்டு வரிசையின் தலைமாட்டில் ஆதம் நபியின் பிள்ளைகளுக்கு ஓர் இடம் வைத்திருந்த மக்கள், அந்தக் கடலை எல்லையாக எண்ணியிருப்பார்களா?

இந்த வழி திறந்த 1914க்கு முன்னும் இந்தியாவுக்குக் கப்பல் இருந்தது. சென்னையில் இருந்து கோச்சியில் தூத்துக்குடி, அங்கிருந்து கப்பலில் கொழும்பு. நீண்ட கடல் பயணம். குறுகிய கடலைப் பயன்படுத்துவதென்றால் முதலில் பாம்பன் கால்வாயைத் தாண்டிப் பாதை போட வேண்டும். அந்தப் பாலத்தைத் தென்னிந்திய ரயில்வே கட்டியது. 145 கண்கள், சுமார் இரண்டு கிலோமீற்றர் நீளம், நடுவில் கப்பல் போக இரண்டாகத் திறக்கும் இரும்புப் பகுதி. அமெரிக்காவின் ஷெர்சர் நிறுவன முறையில் அமைந்த அந்தத் தூக்குப் பகுதியை ஆட்கள் நெம்புகோல் போட்டுக் கையால் சுற்றித்தான் திறப்பார்கள். 1914 பெப்ரவரி 24ஆம் திகதி பாலமும் கப்பல் சேவையும் திறக்கப்பட்டன. இலங்கைப் பக்கத்தில் மதவாச்சியில் இருந்து தலைமன்னார் வரையான 106 கிலோமீற்றர் பாதையும் அதே ஆண்டில் தயாராகிவிட்டது.

ஆதம் பாலத்தின் மேலேயே தண்டவாளம் போட்டு இரு நாட்டையும் நேரடியாக இணைக்கும் திட்டமும் அந்நாளில் ஆராயப்பட்டது. அது கடதாசியோடு நின்றது. இரு பக்கப் பாதைகளின் அகலமும் வேறு. இலங்கைப் பாதை ஐந்தரை அடி அகலம், போட் மெயில் ஓடிய பாதை ஒரு மீற்றர். எனவே பெட்டிகளை அப்படியே கடத்த வழியில்லை. ஆட்களும் சாமான்களும் இறங்கி ஏறினார்கள். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று இந்திய வைஸ்ராய்களின் பெயரில் மூன்று நீராவிக் கப்பல்கள் முதலில் ஓடின. பிறகு இர்வின், கோஷன் என்ற இரண்டு வந்தன. சென்னை எழும்பூரில் எடுக்கும் ஒரே ரிக்கட்டில் கொழும்புக் கோட்டை வரை போகலாம். கோச்சி, கப்பல், மறுபடி கோச்சி எல்லாம் அதற்குள் அடங்கும். இன்று விமான ரிக்கட் எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நம்ப முடியாத செய்தி.

நாம் யாத்திரை போனவர்களையும் வியாபாரிகளையும் மட்டும் நினைத்து மகிழ்ந்தால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். இந்தப் பாதையில் அதிகமாகப் போனவர்கள் மலையகத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட கூலித் தொழிலாளர்கள். பாதை வருமுன் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை என்று சொல்லப்பட்ட காட்டுவழியால் நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். கொலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. கோச்சி வந்தபின் அந்த நடை ஒழிந்தது. அது பெரிய விடுதலை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆள் கொண்டுவரும் முறை மாறவில்லை. தொழிலாளியின் கழுத்தில் ஒரு தகரத் துண்டு தொங்கும். அதில் தோட்டத்தைக் குறிக்கும் எண் அடிக்கப்பட்டிருக்கும். பெயர் கேட்கத் தேவையில்லை, எண்ணைப் பார்த்தால் எந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும், வழிச்செலவை யார் கணக்கில் எழுத வேண்டும் என்பது தெரியும். மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் அவர்களைச் சில நாள் தடுத்து வைத்து, நோய் பார்த்து, அம்மைப்பால் குத்தி, பிறகுதான் தனுஷ்கோடிக் கப்பலில் ஏற்றினார்கள்.

மண்டபம் முகாமைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். அது இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

தனுஷ்கோடி அன்று சிறிய ஊர்தான், ஆனால் முழு ஊர். ஸ்டேசன், கப்பல் மேடை, சுங்கம், தபால் நிலையம், துறைமுக அலுவலகம், ரயில்வே ஆஸ்பத்திரி, பாடசாலை, தேவாலயம், மீனவர் குடிசைகள். ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் ஒடுங்கிய மணல். சேது தீர்த்தம் ஆட வந்த இந்து யாத்திரிகர்களும், தலையில் தொப்பியோடு வியாபாரத்துக்குப் போன கீழக்கரை, காயல்பட்டினத்து மரைக்காயர்களும் ஒரே மேடையில் நின்ற இடம். அப்துல் கலாம் ராமேஸ்வரத்துப் பையன். அவருடைய வாப்பா தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிப் போகும் படகு வைத்திருந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரம் ஸ்டேசனில் கோச்சி நிற்காமல் போனபோது, ஓடும் கோச்சியில் இருந்து வீசப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி எடுக்கும் வேலைதான் அந்தச் சிறுவனின் முதல் சம்பாத்தியம். பிற்காலத்தில் இந்தியாவின் ஜனாதிபதியானவருக்கு முதல் கூலி கொடுத்தது தனுஷ்கோடிப் பாதை.

நம் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அந்த நாளில் காரைதீவுக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் இருந்த நேர்வழி இதுதான். போட் மெயில் சிதம்பரம் வழியாகவே ஓடிற்று. கல்முனைக் கரையில் பிறந்த ஒருவர் கடல் கடந்து தமிழ் கற்பிக்கப் போவது அன்று ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊருக்குப் போவதைப் போலத்தான் இருந்தது.

பாதை ஒடுங்கத் தொடங்கியது 1964 டிசம்பரில் வந்த புயலால் என்று பலரும் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. பாதை அதற்கு முன்பே ஒடுங்கிவிட்டது. 1948இல் இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் ஒரே நாளில் நாடற்றவர்களானார்கள். அதே ஆண்டில் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் வந்தது. கடவுச்சீட்டும் வீசாவும் இல்லாமல் கப்பல் ஏற முடியாது என்றாயிற்று. ரிக்கட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போய்வந்த கடலில் முதன்முறையாக முத்திரை குத்தும் மேசை வந்து உட்கார்ந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 525,000 பேரை இந்தியா எடுப்பது, 300,000 பேருக்கு இலங்கை உரிமை கொடுப்பது, மிகுதி 150,000 பேரைப் பிறகு பார்ப்பது. ஆள் எண்ணிக்கையைப் பங்குபோட்ட அந்தத் தாளில், சம்பந்தப்பட்ட மக்களிடம் கேட்டு எழுதிய ஒரு வரியும் கிடையாது.

ஒப்பந்தத்தில் மை காய்ந்து எட்டு வாரம் கூட ஆகவில்லை, கடல் வந்தது.

டிசம்பர் நடுவில் அந்தமான் பக்கம் உருவான தாழமுக்கம் சூறாவளியாகி, இலங்கையின் வடபகுதியைக் கடந்து 22ஆம் திகதி இரவு பாக்கு நீரிணைக்குள் இறங்கியது. அன்றிரவு 11.55க்கு பாம்பனில் இருந்து 653ஆம் இலக்கப் பயணிகள் கோச்சி தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. பதிவின்படி 110 பயணிகள், 5 ஊழியர்கள். ரிக்கட் இல்லாமல் ஏறியவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். தனுஷ்கோடியை அண்மித்தபோது சிக்னல் வேலை செய்யவில்லை. காற்றில் விளக்கு அணைந்து, சுற்றிலும் இருட்டு. சாரதி கொஞ்ச நேரம் நிறுத்தினார். பதில் வரவில்லை. நீண்ட விசில் கொடுத்துவிட்டு மெதுவாக முன்னே எடுத்தார். ஸ்டேசன் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தது. இருபது அடிக்கு மேல் உயர்ந்த அலை கோச்சியை அப்படியே மூடிக் கொண்டது. ஒருவரும் மிஞ்சவில்லை. தந்தி, தொலைபேசிக் கம்பிகள் எல்லாம் அறுந்திருந்ததால், அந்தக் கோச்சிக்கு என்ன நடந்தது என்பது வெளியே தெரியவே இரண்டு நாள் சென்றது.

ஸ்டேசன், சுங்கம், ஆஸ்பத்திரி, தேவாலயம், குடிசைகள் எல்லாவற்றின் மேலும் அதே அலை போயிற்று. அந்தப் புயலில் 1,800 பேர் வரை இறந்ததாக மதிப்பிட்டார்கள். அந்த நாட்களில் ராமேஸ்வரம் வந்திருந்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் உயிர் தப்பிய கதை பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. பெயர் தெரியாத மீனவக் குடும்பங்களின் கதை அவ்வளவாக வரவில்லை. தலைமன்னார், மன்னார்ப் பகுதிகளும் அதே புயலில் பலமாக அடிபட்டன.

இதைப் படிக்கும் நம் கரை மக்களுக்குக் கடல் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வந்த சூறாவளியில் கூரை பறந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமான உயிர்கள் போயின. அதே நாள் காலை, கொழும்பில் இருந்து தெற்கே போன ‘சமுத்திர தேவி’ கோச்சி பேரலியவில் அலையில் சிக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகத்தில் இதற்கு மேல் ஆட்களைக் கொன்ற ரயில் விபத்து இல்லை. தனுஷ்கோடிக் கோச்சிக்கும் பேரலியக் கோச்சிக்கும் இடையில் நாற்பது ஆண்டும் மூன்று நாளும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். பேரலியப் பாதையில் தண்டவாளம் முறுக்கிப் போட்ட கயிறு மாதிரி கிடந்தது. சுமார் இரண்டு மாதத்தில் கோச்சி மறுபடி ஓடியது, ஏனென்றால் அந்தப் பாதை இல்லாமல் தென்பகுதி வாழ முடியாது. 1964 புயலில் பாம்பன் பாலத்தின் 126 இரும்பு உத்தரங்கள் கடலில் விழுந்தன. திருத்த ஆறு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். பொறுப்பைக் கையிலெடுத்த இளம் பொறியியலாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்துக் கொடுத்தார். விழுந்த உத்தரங்கள் கடலடியில் கிடக்கும் இடங்களை மீனவர்கள் காட்டினார்கள், தூக்கியெடுத்துப் பூட்டினார்கள். தேவை இருந்த பாலம் 46 நாளில் எழுந்தது. அதற்கு அப்பால் தனுஷ்கோடி வரையான பாதையை யாரும் தொடவில்லை. ஊரை மனிதர் வாழத் தகுதியற்றது என்று மெட்ராஸ் அரசாங்கம் அறிவித்தது. அந்த மணல் திட்டில் மறுபடி ஆட்களைக் குடிவைக்காதது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அத்தோடு அந்தக் கடல்வழியின் உயிரும் போனது.

கப்பல் நிற்கவில்லை என்பது உண்மை. ராமேஸ்வரத்தில் இருந்து தலைமன்னாருக்கு அது மீண்டும் ஓடியது. ஆனால் இப்போது அது பெரும்பாலும் ஒருவழிக் கப்பல். ஒப்பந்தப்படி அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு தலைமன்னார் பியரில் ஏறின. தாங்கள் பிறக்காத, பார்த்தேயிராத நாட்டுக்கு அவர்கள் போனார்கள். இறங்கியவுடன் பலரைக் கொண்டுபோய் வைத்தது மண்டபம் முகாமில். பாட்டனைத் தோட்டத்துக்கு அனுப்ப அம்மைப்பால் குத்திய அதே இடத்தில் பேரனுக்குப் பதிவு நடந்தது. 1983 கலவரத்துக்குப் பின் அகதிகளாகப் படகேறியவர்களையும் அதே மண்டபம் வாங்கிக் கொண்டது. 1984இல் கப்பலும் நின்றது. 1990இல் யுத்தம் மதவாச்சிக்கு அப்பால் தண்டவாளத்தையே இல்லாமல் செய்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் மன்னார் தீவு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டு, பெரும்பாலோர் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கதை பெரியது, இங்கே இரண்டு வரியில் அடக்கக் கூடாது.

இன்று தனுஷ்கோடியில் என்ன மிஞ்சியிருக்கிறது? கடலில் இருந்து வெட்டிய பவளக்கல்லால் கட்டிய சுவர்கள். வளைவு வாசல்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. கோச்சி எஞ்சினுக்குத் தண்ணீர் ஏற்றிய தொட்டியின் தூண்கள். இடிந்த தேவாலயம். சுவரைத் தொட்டால் உப்பு கையில் ஒட்டுகிறது, கல்லில் சிப்பியின் வரிகள் அப்படியே தெரிகின்றன. ஒவ்வொரு மழைக்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து மணலோடு சேர்கிறது. பக்கத்தில் மீனவக் குடும்பங்கள் சங்கும் சிப்பி மாலையும் விற்கின்றன. 2017இல் முனை வரை தார் வீதி வந்த பிறகு, நாள்தோறும் வண்டிகள் வந்து போகின்றன. வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வாசலால் யார் யார் போனார்கள் என்று சொல்ல அங்கே எதுவும் எழுதி வைக்கப்படவில்லை என்பது பெரிய குறை.

தலைமன்னார்ப் பக்கம் நிலைமை மாறியிருக்கிறது. இந்திய உதவியோடு பாதை மறுபடி போடப்பட்டு, 2015 மார்ச் 14ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி தலைமன்னாரில் நின்று கோச்சியை அனுப்பி வைத்தார். ராமேஸ்வரத்தில் இருந்து தனுஷ்கோடிக்குப் புதிய பாதை போட 2019இல் அடிக்கல்லும் நாட்டினார்கள், தண்டவாளம் வரவில்லை. பழைய பாம்பன் பாலம் ஓய்வு பெற்று, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தாயிற்று. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் ஒரு பயணிகள் கப்பல் வந்தது, இடையில் நின்று 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. இரு கரையிலும் கோச்சி தயாராக இருக்கிறது. நடுவில் உள்ள அந்த 20 மைல் சொச்சத்துக்குக் கப்பல்தான் இல்லை. தலைமன்னார் – ராமேஸ்வரம் கப்பலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். விமானத்துக்குக் காசில்லாத யாத்திரிகருக்கும், மண்டபத்திலும் மற்ற முகாம்களிலும் உறவுகளைப் பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கும் அது உடனே வேண்டிய வழி.

அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், கல்முனை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரியிலோ பெட்டகத்திலோ தலைமன்னார்க் கப்பலில் போய்வந்த காலத்துக் கடவுச்சீட்டு, ரிக்கட், கடிதம், படம் ஏதாவது இருந்தால் தயவுசெய்து வீசிவிட வேண்டாம். நம் கரையின் பழைய கடதாசிகளில் பெரும்பகுதியை 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் கொண்டுபோய்விட்டன. மிஞ்சியதைப் படி எடுத்து ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்திடமோ உங்கள் ஊர்ப் பாடசாலையிடமோ ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். போய்வந்த மூத்தவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதை இப்போதே பதிந்து கொள்ளுங்கள். அடுத்த இதழில் தலைமன்னார் பியரையும், 1990இல் மன்னார் தீவு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதையும் பார்ப்போம்.